கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாத இதழில் வந்த சோழர் கோயில்கள் பற்றிய பயணக் கட்டுரையை நானும் என் மனைவியும் ஆளுக்கொரு முறை படித்தோம். தாராசுரத்துச் சிற்பங்களை விவரித்த இடத்தை அவள் எனக்கு வாய்விட்டே படித்துக் காட்டினாள். எல்லாம் சரி. கடைசியில் ‘எப்படிப் போவது?’ என்று ஒரு கட்டம் போட்டு, ‘காரில் செல்வது வசதி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்களிடம் கார் இல்லை. இருந்த ஸ்கூட்டரையும் கண் ஆபரேஷனுக்குப் பிறகு மருமகனிடம் கொடுத்துவிட்டேன்.

திருச்சியில் திருவெறும்பூர் பக்கம் இருக்கிறோம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, பஸ்ஸிலும் ரயிலிலுமாகவே டெல்டாவில் பாதியைப் பார்த்தாயிற்று. எல்லாம் விடிகாலையில் கிளம்பி ராத்திரி வீட்டில் வந்து படுக்கிற பயணங்கள்தான். வெளியூரில் தங்கினால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. இத்தனை அலைச்சலில் தெரிந்துகொண்டது, போவது ஒரு பெரிய காரியமே இல்லை, திரும்பி வருவதற்குத்தான் திட்டம் வேண்டும் என்பது.

தஞ்சாவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் மெயின் ரோட்டில் நின்றால் தஞ்சாவூர் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை (உட்கார இடம் கிடைப்பது வேறு விஷயம்). ஆனால் அது இறக்கிவிடுவது ஊருக்கு வெளியே புதிய பேருந்து நிலையத்தில். அங்கிருந்து பெரிய கோயிலுக்கு இன்னொரு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். பாசஞ்சர் ரயில் என்றால் சோளகம்பட்டி, பூதலூர், ஆலக்குடி என்று வயலைப் பார்த்துக்கொண்டே போய், ஜங்ஷனில் இறங்கி நடந்தே கோயிலுக்குப் போய்விடலாம். வெயில் ஏறுவதற்குள் போனால் கல்தரை காலைச் சுடாது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்கிறவர்கள் யாராவது கூட வந்தால், அந்த நேரத்தில் மேற்குப் பக்கம் நீளமாகப் படுத்திருக்கும் நிழலையும் காட்டிவிடலாம்.

சிக்கல் ஆரம்பிப்பது மத்தியானம். பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணியாகும். கார் உள்ளவர் ஏசியைப் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். எங்களைப் போன்றவர்கள் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார வேண்டியதுதான். தஞ்சாவூரில் இதற்கு வழி உண்டு. அரண்மனைக் கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளுக்கு நடுவே அந்தப் பொழுதைக் கழித்துவிடலாம்.

கும்பகோணம் போனால் நாங்கள் மத்தியானத்துக்கென்று வைத்திருப்பது சுவாமிமலை. கோயிலுக்கு இல்லை, சிலை வார்க்கும் பட்டறைகளுக்கு. நாங்கள் போன பட்டறையில், பார்க்கலாமா என்று கேட்டதும் உள்ளே விட்டார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உருண்டையைக் கரி நெருப்பில் காட்டி இளக்கி, ஒருவர் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு விரலாயிற்று. சூடான சின்னக் கரண்டியால் தொட்டு அதைக் கையோடு ஒட்டினார், நகம் கீறினார். இந்த மெழுகு உருவத்தின் மேல்தான் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, நெருப்பில் காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றுவார்களாம். அது விட்டுப்போன இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்களாம். ‘அப்போ ஒரு அச்சுக்கு ஒரே சாமிதானா?’ என்று என் மனைவி கேட்டாள். ‘அச்சை உடைச்சாத்தாம்மா சாமி வெளியே வரும்’ என்றார் அவர், தலையைத் தூக்காமலே.

போகிற வழியில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண டவுன் பஸ்களில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கும்பகோணத்திலிருந்து தாராசுரத்துக்கும் சுவாமிமலைக்கும் அவளுக்கு இலவசச் சீட்டு, எனக்குக் காசு. ரயிலிலாவது நமக்கு ஒரு சலுகை கிடைக்கும் என்று பார்த்தால், எனக்கு வயது வருகிற நேரமாகப் பார்த்து 2020-ல் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்திவிட்டார்கள். இதை அவள் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாகிவிட்டது.

இனி, இந்தக் கடிதம் எழுதவைத்த சங்கதி. சென்ற தை மாதம் காலையில் தாராசுரம், மத்தியானம் சுவாமிமலை, சாயங்காலம் கங்கைகொண்ட சோழபுரம் என்று போட்டுக்கொண்டோம். நாலு மணிக்கு மேல்தானே நடை திறக்கும், கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. கும்பகோணத்தில் ஜெயங்கொண்டம் பஸ் ஏறினோம். அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்தபோது பஸ் ஊர்ந்துதான் போனது. 1836-ல் கட்டிய கீழணை அங்கேதான் இருக்கிறது. கோயிலில் அந்த நேரத்துக்குக் கூட்டமே இல்லை. சாய்ந்த வெயிலில் விமானம் மஞ்சளாக நின்றது. சிவன் தன் கையாலேயே சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிற சிற்பத்தின் முன்னால் அவள் கால்மணி நேரம் நின்றாள். ராஜேந்திரன் தலைநகராக வைத்திருந்த ஊர், இன்றைக்குக் கிராமம். அது எங்களுக்கு உறைத்தது ஆறு மணிக்கு, ரோட்டுக்கு வந்த பிறகுதான்.

கும்பகோணம் போர்டு போட்ட பஸ்கள் வந்தன. வந்த வேகத்திலேயே போயும்விட்டன. கையைக் காட்டினால், ஓட்டுநர் பின்னால் வேறு வண்டி வருகிறது என்று சாடை காட்டுவார். அந்த வேறு வண்டியும் நிற்காது. நிழற்குடையில் பஸ் நேரம் எழுதிய பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. கைபேசி வரைபடத்தைக் கேட்டால், நடந்தால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றது. முக்கால் மணி நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் கடைசியில் பொறுக்காமல் வந்து சொன்னார்: ‘ஏன் சார் கும்மோணத்துக்கே நிக்கிறீங்க? அந்தாண்ட நின்னு ஜெயங்கொண்டம் போங்க. அங்கேர்ந்து அரியலூர் வழியா திருச்சிக்கே வண்டி இருக்கு.’

வந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் போனால் வீடு வரும் என்று எந்தக் கட்டுரை படித்து நாங்கள் தெரிந்துகொள்வது? சாலையைத் தாண்டி நின்ற பத்தாவது நிமிடம் பஸ் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயில் 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. உலகமே வந்து பார்க்க வேண்டிய இடம் என்று சொல்லிவிட்டு, வருகிறவர்கள் எல்லோரும் காரில்தான் வருவார்கள் என்று நினைத்துக்கொள்வது என்ன நியாயம்? 2028-ல் மகாமகம் வேறு வருகிறது. அதற்காகக் கும்பகோணம் வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் போவார்கள். நிறுத்தத்துச் சுவரில் பெயிண்டால் நாலு வரி எழுதிவைக்க என்ன செலவாகிவிடும்? முதல் பஸ், கடைசி பஸ், நிற்கிற பஸ் எது, நிற்காமல் போவது எது. அவ்வளவுதான்.

அதைச் செய்ய வேண்டியவர்கள் எப்போது செய்கிறார்களோ செய்யட்டும். தங்களிடம் கேட்பது சின்ன உதவி. கட்டுரையாளர் காரிலேயே போகட்டும், தப்பில்லை. கிளம்பும் முன் அந்த ஊர் டீக்கடையில் ஒரு நிமிடம் நிறுத்தி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கேட்டுவந்து அந்தக் கட்டத்தில் போடட்டும்.

அடுத்ததாக, கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர்ந்ததும் தரங்கம்பாடி போவதாக இருக்கிறோம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்க்க வேண்டும். முன்பு மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் ஓடிற்று. இப்போது பஸ்தான். சாயங்காலம் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மயிலாடுதுறைக்குத் திரும்பித் திருச்சி ரயிலைப் பிடிக்க எத்தனை மணி பஸ்ஸில் ஏற வேண்டும்? அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது தங்கள் இதழுக்கு எழுதினால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருவெறும்பூர், திருச்சி.