கதிரையும் கோணேசர் கோயில் ஏற்றமும்

திருகோணமலை

அன்புள்ள கிளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குப் பல் முளைத்த சங்கதியை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் மனதில் நின்றது நீ கடைசியில் கேட்டதுதான்: "நாள் தவறாமல் நடக்கிறேன், பிறகேன் குந்தினால் எழும்ப ஏலாமல் கிடக்கு?"

எடியே, போன வருஷம் எனக்கும் இதே கதைதான். பத்திரகாளி கோயிலில் சம்மணம் கொட்டி இருந்தேன். பூசை முடிந்து எழும்பப் பார்த்தால் தொடை கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகள் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். பின்னேரம் தோறும் டச்சுக்குடாக் கடற்கரையில் முக்கால் மணித்தியாலம் நடக்கிற மனுசிக்கு வந்த வெட்கக்கேடு!

முழங்கால் தேய்ந்துவிட்டதென்று பிசியோதெரபி செய்யும் ஒரு பிள்ளையிடம் போனேன். (மருமகளின் சிநேகிதி. காசு வாங்கமாட்டேன் என்றாள், பனங்கட்டி கொடுத்தேன்.) அவள் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையில் குந்திக் குந்தி எழும்பச் சொன்னாள். 30 செக்கனில் 8 தரம்தான் முடிந்தது. 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் குறைந்தால் விழுகிற ஆபத்து இருக்காம். நடை நெஞ்சுக்கும் மூச்சுக்கும் நல்லது, சமதரை நடையில் தொடைக்குப் பாரம் போதாது, மாதவிடாய் நின்றபின் எலும்பும் தசையும் கெதியாய்க் கரையும் என்றாள். உலக சுகாதார ஸ்தாபனம் கிழமைக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்க நடக்கச் சொல்கிறது. அதோடு இரண்டு நாளாவது பாரப் பயிற்சி, எங்கள் வயதில் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும்.

"இனித் தசை வளருமோ பிள்ளை?" என்றேன். 1990இல் வெளிவந்த ஒரு ஆய்வைச் சொன்னாள். பொஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதுக்காரர் சிலர் 8 கிழமை காலால் பாரம் தூக்க, பலம் சராசரி 174 வீதம் கூடியதாம். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

இப்போது திங்களும் வியாழனும் கதிரைப் பயிற்சி, சுவரைப் பிடித்துக் குதி உயர்த்தல், தண்ணீர்ப் போத்தலைத் தலைக்கு மேலே தூக்கல். அரை லீற்றரில் தொடங்கி ஒரு லீற்றருக்கு வந்துவிட்டேன். லேசாய்ப் போனால் பாரத்தைக் கூட்டத்தான் வேண்டும். உனக்குப் பிரஷர் இருக்கு, தம் பிடிக்காதே. எழும்பும்போது மூச்சை விடு. நடையும் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் ஏற்றத்துக்கு மாறிவிட்டது. கதைக்கலாம், தேவாரம் பாட ஏலாது, அந்த அளவு வேகம். மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு என்னைப் பார்க்குதுகள்.

இப்போது 13 தரம்! நிலாவெளி பஸ்ஸில் கம்பியில் தொங்காமல் ஏறுகிறேன். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் நானே குனிந்து வாளியால் அள்ளிக் குளித்தேன். பேத்தி அள்ள வந்தாள், விடவில்லை. முழங்கால் நோ முற்றாய்ப் போகவில்லை, மாரி பிறந்தால் முனகும்.

ஆடிக்கு நீ வரும்போது இரண்டு பேரும் ஏற்றம் ஏறுவோம். அதற்கு முதல், கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு எண்ணிப் பார்த்து எழுது. கை ஊன்றி எழும்பினதைச் சேர்க்காதே. கயிறு பாய்கிற காலத்திலேயே எண்ணிக்கையில் கள்ளம் பண்ணினவள் நீ.

உன் பழைய வாங்குத் தோழி