பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு

வளவில், இந்த ஒரே காம்பவுண்டு வீடுகளில், இருக்கும் எல்லோருக்கும், வளவுக்கு வெளியே எங்களுக்குக் கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்கிறோம். அவருக்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றல் ஆகிவிட்டது. பெரியவளுக்கு அரையாண்டு லீவு முடிவதற்குள் அங்கே போய் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்றுதான் நினைத்தேன். முந்தாநாள் மேல்வீட்டு ஆச்சியிடம் சொல்லப் போனேன். படியேறி நின்றதும் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அதனால் எழுதுகிறேன். வாசித்துக் காட்டத் தெரிந்தவர்கள் ஆச்சிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சின்னவன் 2023 அக்டோபரில் பிறந்தான். குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையைத்தான் தூக்குவார்கள். அது இயற்கை, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதே வீட்டில் மூன்றே முக்கால் வயதில் இன்னொருத்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நேற்றுவரை அம்மாவின் மடி அவளுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. நான் இன்று நன்றி சொல்ல வந்தது, அவள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு. சின்னவனைப் பார்த்துக்கொள்ள எனக்குப் பால் இருந்தது, கை இருந்தது. பெரியவளுக்கு அந்த நாட்களில் என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை. அந்த இடத்தில் நீங்கள் வந்து நின்றீர்கள்.

முதலில் பெயர் தெரியாத ஒருவர். எனக்கு சிசேரியன், ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நோய் தொற்றிவிடும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் என்னை விட்டு ஒரு ராத்திரிகூடப் படுத்தறியாத பிள்ளை, இரண்டு நாளாக கேட்டுக்கு வெளியே அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இரண்டாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பிய வார்டு ஆயாம்மா அவளைப் பார்த்துவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு என் கட்டிலுக்கு நேரே இருந்த ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் முகம். தொட்டிலில் கிடந்த தம்பியை அவள் பார்க்கவே இல்லை. என் புறங்கையில் குத்தியிருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பார்த்து, "அம்மா, ஒனக்கு வலிக்கா?" என்று கேட்டாள். ஆயாம்மா பத்து நிமிஷமாவது அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருப்பார். நாள் முழுக்க நின்று வேலை பார்த்த கால்கள் அவை. அம்மா, நீங்கள் இதை வாசிக்கிறீர்களோ இல்லையோ, அன்று ராத்திரி என் பிள்ளை அழாமல் தூங்கியது உங்களால்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு நாற்பது நாள் என் அம்மா கூட இருந்தாள். உளுந்தங்களி, பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு என்று பார்த்துப் பார்த்துச் செய்து போட்டாள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் அதற்கு மேல் இருக்க முடியவில்லை. அம்மா ஊருக்குப் போன மறுநாளிலிருந்துதான் பெரியவளின் தலை பரட்டையானது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் தரையில் உட்கார்ந்து, அவளை முழங்காலுக்கு நடுவில் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து இரட்டைச்சடை போடுவேன். தையல் போட்ட வயிறோடு தரையில் உட்கார முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சீப்பை எடுத்தால் சின்னவன் அழுவான். அவள் சீப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "நீ சீவ வேண்டாம்" என்று போய்விடுவாள். மூன்று நாள் அப்படியே தலை கலைந்து பால்வாடிக்குப் போனாள். நாலாம் நாள் மாடிப்படியிலிருந்து ஒரு குரல்: "ஏட்டி, தலைய விரிச்சுப் போட்டுட்டு எங்க போற? இங்க வா."

ஆச்சி, அன்று தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, நீங்கள் உங்கள் மகன் வீட்டுக்கு விருதுநகர் போன நாட்களைத் தவிர ஒரு காலையும் தவறவில்லை. எட்டே காலுக்குக் கீழிருந்து மூன்றாவது படியில் நீங்கள், அதற்குக் கீழ்ப் படியில் அவள். பக்கத்தில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம், மரச் சீப்பு, நீங்களே துவைத்து மடித்து வைத்த ரிப்பன். உச்சியில் எண்ணெயை வைத்து இரண்டு தட்டு தட்டிவிட்டு, வகிடு எடுக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்துவீர்கள். வகிடு நேராக வந்ததும் பேச்சு தொடரும். நான் உள்ளே சின்னவனுக்குப் பால் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் "தம்பி என்ன செய்யுதான்? தம்பிய நல்லாப் பாத்துக்கிடுதியா?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் ஒரு நாளும் தம்பியைப் பற்றிக் கேட்டதில்லை. "நேத்து ராத்திரி என்ன சொப்பனம் கண்ட?" என்று கேட்பீர்கள். அவளும் யானை வந்தது, ஆற்றில் மீன் பேசியது என்று அளந்துவிடுவாள். அவள் கண்ட கனவை வீட்டில் யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவளாகவே என்னிடம் வந்து, "ஆச்சி போட்ட சட, பாரு" என்று திரும்பி நின்று காட்டினாள். அந்தச் சடையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதது அவளுக்குத் தெரியாது.

அங்கன்வாடி டீச்சருக்கும் அக்காவுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். தம்பி வந்த பிறகு பெரியவள் திரும்பவும் பாவாடையை நனைக்க ஆரம்பித்தாள். நான் இரண்டு தடவை கை ஓங்கிவிட்டேன். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புதுப் பிள்ளை வந்தா மூத்ததுக்கு இப்படி வரும், நோய் இல்ல, திட்டாதீங்க, தானா நின்னுடும்" என்று சொன்னீர்கள். அதோடு விடவில்லை. ஒரு மாற்று கவுனை உங்கள் பையில் வைத்திருந்து, மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் மாற்றிவிட்டீர்கள். பிப்ரவரி வாக்கில் அது நின்றுபோனது. அங்கன்வாடிகளை நடத்தும் இந்தக் குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ல் தொடங்கியதாம். நானும் பால்வாடியில் சத்துமாவு உருண்டை தின்று வளர்ந்தவள்தான். என் டீச்சரின் முகம் நினைவில்லை, மடியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. என் பிள்ளைக்கும் அப்படி ஒரு மடி கிடைத்தது. புதன்கிழமை தடுப்பூசி நாளை ஒன்றுவிடாமல் நினைவுபடுத்தி, ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல் வந்தால் எத்தனை சொட்டு மருந்து என்று அட்டையிலேயே எழுதிக் கொடுத்த நர்ஸம்மாவுக்கும் இதே இடத்தில் என் நன்றி.

2023 டிசம்பர் 17. நம் ஊரில் யாரும் மறக்க மாட்டோம். ஞாயிறு முழுக்க மழை விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்று பின்னால் படித்தோம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எல்லாம் தாமிரபரணி உள்ளே வந்துவிட்டது, நம் வளவுக்குள்ளும் வந்தது. அவர் டியூட்டிக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். நடுவீட்டில் கணுக்கால் தண்ணீர் ஏறியதும், இரண்டு மாதக் குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு நான் மாடிக்கு ஓடினேன். ஓடிய பிறகுதான் பெரியவளைக் கட்டில் மேல் நிற்கவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்புவதற்குள் பக்கத்து வீட்டு மைனியின் மகன் இருட்டில் தண்ணீருக்குள் போய், அவளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வந்துவிட்டான். தம்பி, நீ அப்போது பிளஸ் டூ. உன் புத்தகங்கள் எல்லாம் கீழே நனைந்துகொண்டிருந்தன, நீ அதை எடுக்கப் போகவில்லை. பெரியவளிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும், "அண்ணன் தோள்ல ஏறி ஆத்துக்குள்ள போனேன்" என்றுதான் சந்தோஷமாகச் சொல்கிறாள். அவள் மனதில் பயம் தங்காமல் போனதற்கு நீதான் காரணம்.

ஆச்சி வீட்டு இரண்டு அறையில் பதின்மூன்று பேர், மூன்று நாள், கரண்ட் இல்லை. ஊறவைத்த அவலில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு எல்லோருக்கும் பங்கு வைத்தீர்கள். குடிதண்ணீர் தவலை உங்களுடையது, முதல் டம்ளர் எப்போதும் பிள்ளைகளுக்கு.

அப்புறம் 2024 மே மாதத்தில் ஒரு ராத்திரி. சின்னவனுக்கு ஏழு மாதம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு, வாந்தி. ஒருவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றவளின் துணியை அலசிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு மைனி வந்தீர்கள். "நீ சின்னதப் பாரு, பெரியவ எம் பொறுப்பு" என்றீர்கள். மெடிக்கல் கடை அண்ணாச்சி பத்தரை மணிக்கு ஷட்டரைத் திரும்பத் தூக்கி ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தார். "அரை டம்ளர்ல கரைக்கக்கூடாது, முழுப் பொட்டலமும் ஒரு லிட்டர் தண்ணிக்கு" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். மைனி கொதித்து ஆறின தண்ணீரில் கரைத்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்துத் திரும்பவும் முதலிலிருந்து. நான் சின்னவனுக்குப் பாலும் சங்கில் அந்தத் தண்ணீரும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். விடியற்காலை நாலு மணிக்கு அவளுக்கு ஒன்றுக்கு வந்தது. "இனிப் பயமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் நீங்கள் சுவரில் சாய்ந்தீர்கள். காலையில் டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பு வற்றாமல் பார்த்துக்கொண்டீர்கள் என்று என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு உங்களுடையது மைனி. பதினாலு நாள் துத்தநாக மாத்திரையை அவள் குடிக்க அடம்பிடித்தபோதும் நீங்கள்தான் வர வேண்டியிருந்தது.

அதற்குச் சற்று முன்னால், ஏப்ரலில், சட்டப்படி உள்ள 26 வாரப் பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். அத்தை, நீங்கள் ஆட்டுக்குட்டியையும் வயலையும் அடுத்தவர் பொறுப்பில் விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தீர்கள். நமக்குள் உரசல் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு நாளாவது பிள்ளைகளை நினைத்து நான் ஆபீசில் பதறியது இல்லை. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, எழுத்தில் சொல்கிறேன். ஆபீசில் என் பக்கத்து நாற்காலி அக்காவுக்கும் ஒரு வார்த்தை: குழந்தை பார்க்க வந்தவர்களில் பெரியவளுக்கும் ஒரு பொருள் வாங்கி வந்தது நீங்கள் ஒருவர்தான். அந்தக் கிரேயான் டப்பாவில் வெள்ளையும் பாதி ஊதாவும் மட்டும் மிச்சம் இருக்கிறது, தூக்கிப் போட விடமாட்டேன் என்கிறாள்.

இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு போடும் அக்காமார்களே, வீட்டில் அரை இட்லிக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டவள் உங்கள் கிச்சடியையும் பொங்கலையும் தட்டு காலியாகும்வரை சாப்பிடுகிறாள். காலையில் எனக்குக் கிடைத்த அந்த அரை மணி நேரத்தை நான் அவளுக்கே கொடுத்தேன், வாசல்வரை கூடவே நடந்து போனேன். ஆட்டோ அண்ணாச்சி, வாசலில் நின்று "பெரிய மனுஷி ஏறியாச்சா?" என்று நீங்கள் கேட்பதற்காகவே அவள் அழாமல் ஏறினாள்.

அவருக்கு ஒரு வரி. ஷிப்ட் முடிந்து வந்து தூங்காமல் துணி துவைத்துக் காயப்போட்ட ராத்திரிகளை நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

சாமான் கட்டும் வேலை சனிக்கிழமையோடு முடிந்துவிடும். வெள்ளத்தில் உப்பிப்போன மரப்பெட்டியை மைனி வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம், கோதுமை போட்டு வைக்க நன்றாக இருக்கும். லாரி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறது. ஆச்சி, எட்டே காலுக்குப் பெரியவளை எண்ணெய்க் கிண்ணத்தோடு படிக்கு அனுப்புகிறேன். எப்போதும் போலச் சடை போட்டு விடுங்கள். இந்தத் தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அந்த வகிடு எப்படி அவ்வளவு நேராக வருகிறது என்று எனக்குக் கற்றுக் கொடுங்கள்.