கடன் வாங்கிய மெட்டும் சொந்தக் குரலும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் கீபோர்டு பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிவிட்டாள். வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை கொரியப் பாட்டுதான் ஓடுகிறது.

அப்புறம், நீ எழுதியிருந்த விஷயம். ஆசியாவில் பாப் இசை என்று தனியாக ஒன்றும் கிடையாது, வெள்ளைக்காரன் போட்டதைத்தான் எல்லோரும் திருப்பிப் போடுகிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு மனசு ஒப்பவில்லை. நம் ட்ரூப்பில் பேஸ் கிடார் வாசித்தவன் நீ. 'என் இனிய பொன் நிலாவே' பாட்டை மேடையில் போடுவதற்காக, கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு நோட்ஸ் எடுத்தது ஞாபகம் இருக்கிறதா? 1980-இல் வந்த பாட்டு. ஆரம்பத்தில் வரும் கிடார், பின்னால் நிற்கும் கார்டுகள் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) எல்லாம் மேற்கத்திய வழிதான். மைனர் ஸ்கேல் என்கிற சுர வரிசை. ஆனால் நம் கர்நாடக சங்கீதத்தில் அதே சுரங்கள் நடபைரவி ராகம். கிடார் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் ஜேசுதாஸ் குரல் வழுக்கிக்கொண்டு போகும். பேஸ் லைனைத் தனியாக வாசித்துக் காட்டி, "இதுவே ஒரு பாட்டு மாதிரி இருக்குடா" என்று சொன்னது நீதான். அந்தப் பாட்டை எந்த வெள்ளைக்காரனிடமிருந்து எடுத்தார் இளையராஜா?

இது நேற்று ஆரம்பித்த சமாச்சாரமும் இல்லை. முத்துசாமி தீட்சிதர் இங்கிலீஷ் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜ கீதத்தின் மெட்டேதான். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியை யோசிக்க முடியுமா?

சரி, ஜப்பானுக்கு வருகிறேன். கியூ சகாமோட்டோ என்ற பாடகர் 1961-இல் பாடிய 'உவே ஓ முய்தே அருகோ' 1963 ஜூனில் அமெரிக்காவில் பிரபலமான பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. முழுக்க ஜப்பானிய மொழியில்! மெட்டுப் போட்ட ஹச்சிதாய் நகமுரா ஜாஸ் பியானோக்காரர். சகாமோட்டோ ராக்கபில்லி என்ற ஆரம்பகால அமெரிக்க ராக் பாணியில் பாடிக்கொண்டிருந்தவர். எழுதியவர் ரோகுசுகே எய். 1960-இல் அமெரிக்காவோடு போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த போராட்டம் தோற்ற வேதனையில் பிறந்த வரிகள் அவை. கண்ணீர் கீழே சிந்திவிடக் கூடாது என்று முகத்தை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறான் ஒருவன், அவ்வளவுதான் பாட்டு. நீ ஒருமுறை ஹெட்போன் போட்டுக் கேள். பல்லவியில் நம் மோகன ராகத்தின் சாயல் காதில் விழும். சொல்லின் நடுவே குரலை உடைத்து, ஒரே உயிரெழுத்தை இரண்டு மூன்றாக அடுக்கிப் பாடுவார். அந்த உடைப்பை அவர் ராக்கபில்லியிலிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பாடும்போது அது துள்ளல். இங்கே அழுகையை அடக்குகிறவனின் குரலாக மாறிவிடுகிறது. பாடுகிறவன் தன் தொண்டைக்கும் தன் மொழிக்கும் வளைக்க வளைக்க, வாங்கின சரக்கு வேறு சரக்காகிறது. சொந்தம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மேற்கை காப்பி அடிக்கிறான்" என்ற இதே பேச்சை வைத்துக்கொண்டுதான் பல ஊர்களில் அரசாங்கம் பாட்டுக்காரர்களைப் பிடித்திருக்கிறது. பீட்டில்ஸ் பாணியில் பாடினார்கள் என்பதற்காக இந்தோனேசியாவில் கோயெஸ் சகோதரர்களை 1965-இல் சிறையில் போட்டார்கள். அதே நாட்டில் சில வருஷம் கழித்து ரோமா இராமா வந்தார். டீப் பர்ப்பிள் என்ற இங்கிலீஷ் ராக் குழு மாதிரி கிடார், இந்திப் படப் பாட்டின் சாயல், மலாய் தாளம், மார்க்க போதனை எல்லாவற்றையும் சேர்த்து டாங்டுட் என்ற அந்த ஊர் ஜனரஞ்சக இசைக்கு ஒரு புது உருவம் கொடுத்தார். அது இந்தோனேசியா தவிர வேறெங்கும் பிறந்திருக்க முடியாது. தென்கொரியாவில் ஷின் ஜுங்-ஹியோன் அமெரிக்க ராணுவ முகாம் கிளப்களில் ராக் வாசித்துத் தேர்ந்தவர். அவருடைய 1974 பாட்டு 'மி-இன்' ஐந்து சுரத்துக்குள் சுற்றும் ஒரு கிடார் ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டுத் துணுக்கில், ஆரம்பிக்கும். கையில் எலெக்ட்ரிக் கிடார், காதில் கொரிய நாட்டுப்புறம்! அதிபரைப் புகழ்ந்து பாட்டு எழுத மறுத்தவர். 1975-இல் கஞ்சா வழக்கில் உள்ளே போனார், பாட்டுகளுக்கும் தடை. சுயம் எது, காப்பி எது என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

நீ சொன்னதில் ஒன்றை மறுக்க மாட்டேன். வெளிநாட்டு மெட்டை அப்படியே தூக்கி, தன் பெயரைப் போட்டுக்கொண்ட பாட்டுகள் இந்தியிலும் தமிழிலும் நிறைய. அது திருட்டு. தீட்சிதர் எங்கிருந்து எடுத்தார் என்பது கேட்டவனுக்குத் தெரியும், இவர்கள் மறைத்தார்கள்.

என் கவலை வேறு இடத்தில். 2020-இல் பிடிஎஸ் என்ற கொரியப் பாட்டுக் குழு 'டைனமைட்' பாட்டோடு பில்போர்டில் முதலிடத்துக்கு வந்தபோது சின்னவள் குதித்தாள், எனக்கும் சந்தோஷம். ஆனால் பாட்டு முழுக்க இங்கிலீஷ், எழுதியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். கொரியக் கம்பெனிகள் ஸ்வீடனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மெட்டு வாங்குவது பல வருஷ வழக்கம். எந்த மொழிக்கும் பொருந்துகிற மாதிரி மெட்டு வந்தால், பாடுகிறவனுக்கு வளைக்க என்ன மிச்சம்? சகாமோட்டோவுக்கு இருந்த வேலை இவர்களுக்கு இல்லாமல் போகிறதே என்றுதான் தோன்றுகிறது. அதே வருஷக் கடைசியில் பெரும்பாலும் கொரிய மொழியில் இருக்கும் 'லைஃப் கோஸ் ஆன்' பாட்டும் முதலிடம் பிடித்தது. சின்னவளிடம் அதைத்தான் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் சொன்ன ஜப்பானியப் பாட்டையும் 'மி-இன்'னையும் கேட்டுவிட்டு எழுது. உன் பேஸ் இன்னும் கையில் இருந்தால் அந்த ரிஃப்பை வாசித்துப் பார்த்துச் சொல். தங்கச்சியை இப்போதைக்கு ரொம்ப அலைய விடாதே.

அன்புடன்,
ரவி