தரை கழுவும் இயந்திரம்: விலைப்புள்ளியில் லிட்டர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் பிரஷர் வாஷர் இயந்திரத்தை வைத்துத் தரை கழுவிக் கொடுக்கும் தொழிலைப் பற்றித் தங்கள் நாளிதழின் சுயதொழில் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படியும் ஒரு பிழைப்பு இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியப்படுத்தியதற்கு நன்றி. ஆனால் அதில், சர்ஃபேஸ் கிளீனர் வாங்கும்போது கைக்கு எட்டுகிற விலையில் எது பெரியதோ அதை வாங்குங்கள், வேலை சீக்கிரம் முடியும் என்று ஒரு யோசனை இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, அக்காள் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைச் செய்கிறவன் நான். அந்த யோசனையை நம்பி யாராவது கடன் வாங்கிவிடப் போகிறார்களே என்றுதான் இந்தக் கடிதம்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். சர்ஃபேஸ் கிளீனர் என்பது பிரஷர் வாஷரோடு மாட்டுகிற, கவிழ்த்து வைத்த வட்டமான மூடி. உள்ளே குறுக்காக ஒரு குழாய், அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் பீய்ச்சுகிற சிறு துளையுள்ள ஒவ்வொரு நாசில். நாசில்கள் சற்றே சாய்ந்திருப்பதால், தண்ணீர் பீய்ச்சுகிற வேகத்திலேயே குழாய் சுழலும். அதற்கென்று தனி மோட்டார் கிடையாது. கன்னை, அதாவது கையில் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியை, பிடித்துக்கொண்டு கோடு கோடாக இழுக்கிற வேலையை இது ஒரே சீராக முடித்துவிடும். கார் நிறுத்துமிடம், பள்ளி முற்றம், மண்டப வாசல், மொட்டை மாடி எல்லாவற்றுக்கும் இதுதான் கை கொடுக்கிறது.

தனி மோட்டார் இல்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாலே போதும். பம்ப் தருகிற தண்ணீர்தான் அதைச் சுற்றவும் வைக்க வேண்டும், அழுக்கையும் எடுக்க வேண்டும். 12 அங்குல மூடியின் பரப்பைவிட 20 அங்குல மூடியின் பரப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு. பம்ப் அதே பம்ப், தண்ணீர் அதே தண்ணீர். அப்படியானால் தரையின் ஒவ்வோர் இடத்துக்கும் கிடைக்கிற அடி குறைந்துதானே ஆக வேண்டும்?

எங்கள் பகுதியில் கார் கழுவும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற சிறிய இயந்திரத்துக்கு 20 அங்குலக் கிளீனரை வாங்கி மாட்டினார். கடைக்காரர் கொடுத்த யோசனை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துமிடம் முழுவதையும் அதை வைத்துக் கழுவினார். தரை காய்ந்த பிறகு பார்த்தால் மூலைக்கு மூலை சுருள் சுருளாகக் கோடுகள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து, "தம்பி, கழுவச் சொன்னோமா, கோலம் போடச் சொன்னோமா?" என்று கேட்டாராம். பிறகு கன்னை எடுத்து மொத்தத்தையும் மறுபடி கழுவிக் கொடுத்துவிட்டு, சொன்ன கூலியில் பாதியோடு திரும்பினார்.

கடைகளில் பேச்செல்லாம் 'பார்' என்கிற அழுத்தக் கணக்கில்தான். 150 பார், 200 பார் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் ஒரு கணம் முழிப்பார்கள், அல்லது ஒரு பெரிய எண்ணைச் சொல்வார்கள். அந்த எண்ணைச் சரிபார்க்க எளிய கணக்கு இருக்கிறது. பாரையும் நிமிடத்துக்கான லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தி கிலோவாட்டில் வந்துவிடும். 200 பார், 15 லிட்டர் என்றால் 5 கிலோவாட். பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதைச் சேர்த்தால் 7.5 குதிரைத்திறன் மோட்டாரே இழுத்துப் பிடித்துத்தான் ஓட வேண்டும். வீட்டில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு மொத்தமே 3.7 கிலோவாட்தான் எடுக்க முடியும். அப்புறம் 2 கிலோவாட் மோட்டார் வைத்த பெட்டியில் அந்த இரண்டு எண்களும் எப்படிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன? பார் என்பது தண்ணீரை அடைத்து நிறுத்தும்போது வருகிற உச்சம். லிட்டர் என்பது எதிர்ப்பே இல்லாமல் திறந்துவிட்டால் வருகிற உச்சம். இரண்டும் ஒரே நேரத்தில் வராது. மோட்டாரும் பம்பும் செய்து ஊரெல்லாம் அனுப்புகிற கோயம்புத்தூரிலேயே இதைக் கேட்காமல் வாங்குகிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

என் அனுபவத்தில் ஒத்துவருகிற கணக்கு இது. நிமிடத்துக்கு 7, 8 லிட்டர் தருகிற ஒருமுனை மின்சார இயந்திரம் என்றால் 12 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 15 லிட்டர் தருகிற மும்முனை இயந்திரமோ 13 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினோ இருந்தால் 16-லிருந்து 20 அங்குலம் வரை போகலாம். 24 அங்குலம் கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பம்ப் வேண்டும், அது சிறிய தொழிலே இல்லை. எங்களிடம் 15 லிட்டர் பம்ப் இருந்தும் 16 அங்குலம்தான் வைத்திருக்கிறோம். காரணம் தண்ணீர் மட்டுமல்ல. லிப்ட் இல்லாத கட்டடத்தில் மொட்டை மாடிக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், படி திரும்புகிற இடத்தில் இடிக்கக் கூடாது, தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைய வேண்டும், சின்ன வேலைக்கு எக்ஸ்.எல். வண்டியில் கட்டிக்கொண்டும் போக வேண்டும்.

அடுத்தது நாசில். கிளீனரோடு பெட்டியில் வருகிற நாசில் உங்கள் பம்புக்குப் பொருந்தும் என்று யாரும் உறுதி தரவில்லை. நாசிலின் மேல் 25025 என்பது போல் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டு இலக்கம் தண்ணீர் விரிகிற கோணம், அதாவது 25 டிகிரி. மீதி துளையின் அளவு. கன்னில் 045 அளவு சரியாக ஓடுகிறது என்றால், கிளீனரில் இரண்டு நாசிலுக்கும் அதைப் பங்கிட வேண்டும். சரிபாதி அளவில் நாசில் கிடைக்காது என்பதால் இரண்டு 025 போடலாம். மூன்று நாசில் குழாய் என்றால் மூன்று 015 கச்சிதமாகப் பொருந்தும். துளை பெரிதானால் அழுத்தம் இறங்கும். சிறிதானால் அழுத்தம் ஏறி, அழுத்தம் மிஞ்சாமல் காக்கிற அன்லோடர் வால்வு தண்ணீரைத் திருப்பி விட்டுக்கொண்டே இருக்கும், பம்ப் சூடேறும். கிளீனர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள், அதற்கு முன் நாசிலை மாற்றிப் பார்க்கலாம்.

ஒரு நாசில் அடைத்துக்கொண்டாலும் வேலை கெடும். குழாய் ஒரு பக்கமாக இழுத்து ஆட, நடுவில் இருக்கும் சுழல்மூட்டின் பேரிங் போய்விடும். சிறுவாணித் தண்ணீரை விட்டால் உப்புப் படிகிற பேச்சே இராது. ஆனால் குடிக்கிற தண்ணீரைத் தரை கழுவ யார் கொடுப்பார்கள், கொடுத்தாலும் எப்படி மனம் வரும்? ஆயிரம் அடி போர் தண்ணீரில்தான் பிழைப்பு. மணலும் வரும், உப்பும் வரும். பம்புக்கு முன்னால் பில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது. சுழல்மூட்டில் கிரீஸ் அடிக்கிற வாய் இருக்கிறதா, சீல் தேய்ந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். மூடி துருப்பிடிக்காத எஃகா, பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். பேவர் பிளாக் தரை மேடுபள்ளமாக இருக்குமாதலால், நாசிலின் உயரம் மாறாமல் இருக்கச் சக்கரம் வேண்டும். ஓரத்தில் பிரஷ் வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிற காரின் மேலெல்லாம் சேறு.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் பாசி வழுக்க ஆரம்பித்ததும் எங்களுக்கு அழைப்புகள் குவியும். அப்போது எதற்கு மறுக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தையும் சுண்ணாம்பு போட்ட பழைய மொட்டை மாடியையும் நாங்கள் தொடுவதில்லை. பேவர் பிளாக் என்றால் இடுக்கு மணல் கொஞ்சம் வெளியே வந்துவிடும், தரை காய்ந்தபின் திரும்ப மணல் கூட்டித் தள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். இந்தக் கூலியைச் சேர்க்காமல் விலை பேசுகிறவர்களால் எங்களுக்கும்தான் தொல்லை.

கட்டுரையில் பாதுகாப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது குறைதான். ஈரத் தரையில் மின்சார இயந்திரம் ஓட்டுகிறவர்கள் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் பிளக்கைச் செருகவே கூடாது. பெட்ரோல் எஞ்சினை அடித்தளக் கார் நிறுத்துமிடத்துக்குள் வைத்து ஓட்டக் கூடாது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். ஓடுகிற கிளீனரைத் தூக்கி அடியில் எட்டிப் பார்க்கவும் கூடாது. இந்த அழுத்தத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும் என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

இனி என் கோரிக்கை. முத்ரா கடனின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கிடைக்கிறது. அதற்கு வங்கியில் விலைப்புள்ளி கேட்கிறார்கள். நான் பார்த்த விலைப்புள்ளிகளில் பார் இருக்கிறது, அங்குலம் இருக்கிறது, வண்ணம்கூட இருக்கிறது, லிட்டர் இல்லை. வேலை செய்யும் அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், அதற்குப் பொருந்தும் கிளீனர் எத்தனை அங்குலம், நாசில் எந்த அளவு என்ற மூன்றையும் எழுதித் தராத விலைப்புள்ளியை வங்கிகளும் மாவட்டத் தொழில் மையமும் திருப்பி அனுப்ப வேண்டும். கடைக்காரர்களுக்கு இதில் ஒரு பைசா செலவில்லை.

அதுவரை, வாங்கப் போகிறவர்கள் ஒரு 20 லிட்டர் பெயிண்ட் வாளியைக் கையோடு கொண்டுபோகலாம். உள்ளே லிட்டர் கணக்குக்குக் கோடு போட்டுக்கொண்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி, இயந்திரத்தின் உறிஞ்சு குழாயை அதில் விடச் சொல்லுங்கள். கிளீனரை மாட்டி ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு, வாளியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். வாளி காலியாகும் முன் நிறுத்திவிட வேண்டும், காற்றை இழுத்தால் பம்ப் கெடும். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத கடையில் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

இப்படிக்கு,
தரை கழுவும் தொழில் செய்யும் வாசகர்,
கணபதி, கோவை - 6.