மூடுபனியில் வழிகாட்டியவருக்கு நன்றி

ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில், நமீப் பாலைவனத்துக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் இடையே, வால்விஸ் விரிகுடா அருகிலுள்ள சிறு இயற்கை விடுதியில் தங்கியபோது, மணலில் புதைந்த எங்கள் வண்டியின் டயர்களில் காற்றைக் குறைத்து மீட்டுத் தந்த விடுதிப் பணியாளருக்கு மனமார்ந்த நன்றி. காற்று குறைந்தால் டயர் மணலில் பதியும் பரப்பு கூடும் என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். நானோ அதுவரை ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து வண்டியை மேலும் புதைத்துக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய உதவி மறுநாள் விடியலில் கிடைத்தது. குளிர்ந்த பெங்குவேலா கடல் நீரோட்டத்தின் மேல் உருவாகும் மூடுபனி கரையேறி மணல்மேட்டைப் போர்த்தியிருக்க, அதன் உச்சியில் தலையைத் தாழ்த்தி நின்ற ஒரு கருவண்டின் முதுகில் படிந்த துளிகள் வழிந்து அதன் வாயை அடைவதை, அவர் மண்டியிட்டுக் காட்டினார். நாங்கள் புறப்பட்டபோது அவர் பணியில் இல்லாததால், நேரில் சொல்ல இயலாத நன்றியை இங்கே தெரிவிக்கிறேன்.