மேமோகிராம் அறைக்கும் ஜெனரேட்டர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டர்பனில் மின்வெட்டு என்றாலே ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் ஜெனரேட்டர் கேட்கிறோம். மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் அறை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பல டிஜிட்டல் கருவிகளில் எக்ஸ்ரேயை நேரடியாக மின்னூட்டமாக மாற்றுவது ஒரு செலினியம் படலம். கனம் சுமார் 0.2 மி.மீ.தான். மார்பகத்தில் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய, உப்புக்கல்லைவிடச் சிறிய சுண்ணாம்புத் துகளையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்தப் படலத்துக்குச் சூடு ஆகாது. வெப்பம் ஏறி நீடித்தால் படிகமாகிக் கெட்டுவிடும். இங்கே கோடைக்காலமான பிப்ரவரியின் புழுக்கத்தில் ஏசி நின்றால் என்ன கதி?

ஃபிலிமுக்கே திரும்பலாம் என்று சொல்லவில்லை. 50 வயதுக்குட்பட்ட பெண்களுக்கும், மார்பகத் திசு அடர்த்தியானவர்களுக்கும் டிஜிட்டலே மேல் என்று 2005இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டியது. கருவி வாங்கும் டெண்டரிலேயே ஏசிக்கும் தடையில்லா மின்சாரத்துக்கும் பணம் ஒதுக்கட்டும். விடியுமுன் பஸ் ஏறி வரும் பெண்ணிடம் 'மெஷின் ஓடவில்லை, அடுத்த மாதம் வாங்கம்மா' என்றால், அவர் மறுபடி வருவாரா?

ஒரு வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன்