ஹெட்ஃபோன் பரிந்துரை: சொல்பவர் எந்த ரகம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் நம் பிள்ளைகள் கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுக்கும் பினாங்கு பிராங்கின் மாலுக்கும் ஹெட்ஃபோன் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். போவதற்கு முன் ஒலிக்கருவியில் ஈடுபாடுள்ள நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்வதில்லை. அவரவர் சுபாவத்துக்குப் பொருந்தியதை அவரவர் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அது கேட்பவரின் காதுக்கும் பாட்டுக்கும் ஒத்துவருமா என்பது வேறு கேள்வி. தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்திலும் பரிந்துரைகள் வருவதால் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வரைபடக்காரர். எந்தக் கருவியின் பெயரைச் சொன்னாலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று காட்டும் அதன் அலைவரிசை வரைபடத்தை நீட்டுவார். வெறும் வர்ணனைகளைவிட வரைபடம் எவ்வளவோ மேல் என்பதால் இவர் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும். இவர்கள் அளவுகோலாகக் கொள்வது ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவ் குழுவினர் ஹார்மன் ஒலிக்கருவி நிறுவனத்தில் செய்த ஆய்வில் பிறந்த இலக்குக் கோட்டை, அதாவது பெரும்பாலோருக்குப் பிடிக்கும் வரைபட வடிவத்தை. அதே குழு பின்னர் வெளியிட்ட ஆய்வில் கேட்பவர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள். 64 விழுக்காட்டினருக்கு அந்தக் கோடு பிடித்திருந்தது. 15 விழுக்காட்டினர் பாஸ் எனும் அடித்தொனியை இன்னும் அதிகமாகக் கேட்டார்கள், 21 விழுக்காட்டினர் பாஸைக் குறைக்கச் சொன்னார்கள். ஆக, மூன்றில் ஒருவருக்கு மேல் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. இன்னொன்று, சுமார் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செயற்கைக் காதில் எடுத்த அளவு உங்கள் காதுக்கு அப்படியே பொருந்தாது. காதுத் துவாரத்தின் நீளமும் இயர்ஃபோன் எவ்வளவு உள்ளே போகிறது என்பதும் அங்கே எல்லாவற்றையும் மாற்றிவிடும். மூக்குக்கண்ணாடி போடுபவருக்கு மூடிய வகை ஹெட்ஃபோனில் கண்ணாடிக் காம்பு வழியே காற்றுக் கசிந்து பாஸ் இறங்கும். வரைபடத்தில் கொழுத்திருக்கும் மிருதங்கத்தின் தொப்பி நாதம் அவர் காதில் மெலிந்துதான் விழும்.

இவருக்கு நேர் எதிர், காதை மட்டுமே நம்புபவர். கம்பியை மாற்றினேன், திரை விலகியது போல் இருந்தது என்பார். அவர் கேட்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அரை டெசிபல் கூடினால்கூட நம் காது அதைச் சத்தம் கூடியதாக உணராது, தெளிவு கூடியதாகவே உணரும். அதனால் சத்தத்தைச் சமன்படுத்தாத எந்த ஒப்பீட்டையும் நம்பக்கூடாது. வீட்டிலேயே சரிபார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் செருகிய நிலையிலேயே ஒலியைப் பெருக்கித் தரும் இரண்டு ஆம்ப்களின் வெளியீட்டையும் ஏசி வோல்ட்டில் அளந்து, வித்தியாசம் ஒரு விழுக்காட்டுக்குள் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். அது 0.1 டெசிபலுக்கும் குறைவு. 1 கிலோஹெர்ட்ஸில் அளக்காதீர்கள், மலிவான மீட்டர்கள் அங்கே தப்பாகக் காட்டக்கூடும். பிறகு ஒருவர் காசைச் சுண்டி மறைவாக மாற்ற, கேட்பவர் எது என்று எழுத வேண்டும். 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் வித்தியாசம் கேட்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் அப்படி அமைய 4 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்புத்தான் உண்டு. இந்தச் சோதனை ஆம்ப், கம்பி, கைப்பேசியில் செருகும் டாங்கிள் ஆகியவற்றுக்கு மட்டும். இரண்டு ஹெட்ஃபோன்களை இப்படி ஒப்பிட முடியாது, தலையில் வைத்ததுமே எது என்று தெரிந்துவிடும்.

ஆம்ப் பிரியர் என்று ஒரு ரகம் உண்டு. ஹெட்ஃபோனின் மின்தடை 300 ஓம் என்று காதில் விழுந்தாலே மேசை நிறைய ஆம்ப் பெட்டி வாங்கச் சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்ஹைசர் எச்.டி. 600 வெளிவந்தது 1997-இல். 300 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல் என்பது அதன் குறிப்பேடு. ஒரு வோல்ட் தரும் சின்ன டாங்கிளில் செருகினால் உச்சம் 97. சினிமாப் பாட்டின் சராசரிச் சத்தம் அதன் உச்சத்தைவிட 12 முதல் 15 டெசிபல் தாழ்ந்திருக்கும் என்று வைத்தால், காதில் விழுவது 82 முதல் 85. அது போதும், சொல்லப்போனால் மணிக்கணக்கில் கேட்க அதுவே அதிகம். மெல்லிய அளவில் பதிவான கச்சேரி ஒலிப்பதிவுகளைக் கேட்பவருக்குத்தான் கூடுதல் ஆம்ப் உண்மையில் தேவைப்படும். ஓம் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்று சொல்லும் உணர்திறன் எண்ணையும் பாருங்கள், அது மில்லிவாட்டுக்கா வோல்ட்டுக்கா என்றும் பாருங்கள்.

சேகரிப்பவரிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ச் சீதோஷ்ணம் அவரைத்தான் அதிகம் தண்டிக்கிறது. பெட்டி பிரிக்காத கருவிகளை அலமாரியில் அடுக்கி வைப்பதே அவருக்கு நிறைவு. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 1984-இல் வந்த கோஸ் போர்ட்டா புரோ போன்றவற்றை ஒருவர் பாதுகாப்பது நல்ல காரியம். ஆனால் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பெட்டியைப் பிரிக்காவிட்டால் புதிதாகவே இருக்கும் என்று எண்ணுவது தப்பு. செயற்கைத் தோல் காதுமெத்தையின் மேல்பூச்சு பாலியூரத்தேன். காற்றின் ஈரமே அதன் பிணைப்புகளை உடைக்கும். உபயோகிக்காமலே கறுப்புச் செதிலாக உரிந்து விழும். உள்ளே இருக்கும் பஞ்சும் காலப்போக்கில் பிசுபிசுத்துத் தூளாகும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரியை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். 30-க்குக் கீழே இறக்கினால் ஹெட்ஃபோனின் மரக் கிண்ணமும் அசல் தோலும் வெடிக்கக்கூடும். அலமாரி வாங்க வசதியில்லாதவர்கள் இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா மணிகளைப் போடலாம். ஆரஞ்சு மணி பச்சையானதும் 120 டிகிரியில் சூடேற்றினால் மறுபடி உபயோகிக்கலாம். ஸ்டாக்ஸ் போன்ற நிலைமின் வகைகளில் இன்னும் கவனம் வேண்டும். 580 வோல்ட் மின்னேற்றத்தில் நிற்கும் படலம் அது. ஈரத்தில் மின்னேற்றம் கசிந்து ஒரு பக்கம் தாழ்ந்துபோகும்.

ஏர்கண்ட் அறையிலிருந்து வெளியே வந்து இயர்ஃபோன் மாட்டுபவர்களுக்கும் இதே ஈரம்தான் எதிரி. முனையிலுள்ள வலையில் நீர்த்திவலை படிந்து ஒரு பக்கம் சத்தம் அடங்கிவிடும். ஒலியெழுப்பும் பாகமான டிரைவர் போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ரப்பரைக் கழற்றி, மெல்லிய காகிதத்தால் ஒற்றி, சிலிக்கா டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் முனையின் குறுக்களவை அளந்து அதே அளவில் ஒட்டு வலை வாங்கி மாற்றலாம்.

வாங்கி, விற்று, மறுபடி வாங்குபவரால் புதியவர்களுக்கு நன்மையே, நல்ல பழைய கருவி கிடைப்பது இவர் கையிலிருந்துதான். பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையிலோ வேறெங்கோ பழையதை எடுப்பவர்கள் கைப்பேசியில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியை ஓடவிட்டுக் கேளுங்கள். பாஸில் கரகரத்தால் டிரைவருக்குள் முடியோ தூசியோ இருக்கும், அல்லது படலம் கிழிந்திருக்கும். பிறகு இரு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோவில் பாடகர் குரல் நட்டநடுவில் நிற்கிறதா என்று பார்த்து, செருகியின் (பிளக்) அருகே கம்பியை மெல்ல வளைத்துச் சத்தம் அறுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தவர் கழற்றிப் பார்ப்பவர். கோலாலம்பூரின் ஜாலான் பாசார் உதிரிபாகக் கடைகள் இவருக்கு அத்துப்படி. எனக்கு மிகவும் பிடித்த ரகம் இவர்தான், குப்பைக்குப் போகவேண்டிய கருவிகள் இவர் கையில் பிழைக்கின்றன. ஓர் உதாரணம்: பாட்டைப் போட்டால் பாடகரின் குரல் காணாமல் போய், ஓரத்தில் இருக்கும் வயலினும் எதிரொலியும் மட்டும் கேட்கும். பலர் இதை டிரைவர் கோளாறு என்று நினைக்கிறார்கள். உண்மையில் செருகியின் அடிப்பகுதிக்குப் போகும் பொதுக்கம்பி அறுந்திருக்கும். அப்போது இரண்டு டிரைவரும் தொடராக இணைந்து, இடது வலதின் வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். இரண்டிலும் சமமாக இருக்கும் குரல் கழிந்துவிடும். செருகிக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டரில் வெட்டி, புதுச் செருகி போட்டால் தீர்ந்தது. நுனி இடது, வளையம் வலது, அடி பொது. சிவப்பு வலது என்பது வழக்கம், ஆனாலும் மீட்டரால் பார்த்துவிடுங்கள், 32 ஓம் டிரைவர் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும். மெல்லிய கம்பியின் மேல் எனாமல் பூச்சு இருப்பதால் ஈயம் ஒட்டாது. சால்டரிங் இரும்பை 380 டிகிரியில் வைத்து, ஈயத் துளிக்குள் நுனியைச் சில விநாடி முக்கி எனாமலை எரிக்க வேண்டும். செருகியின் மூடியைக் கம்பியில் கோத்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை முடிந்தபின் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும். இவரிடம் ஒரே எச்சரிக்கை: ஒலியை மாற்றுகிறேன் என்று புதுக் கருவியின் காற்றுத் துளையை அடைப்பார், பெரிதாக்குவார். ஒட்டுநாடாவால் செய்வதைத் திருப்பிக்கொள்ளலாம், துளைத்ததைத் திருப்ப முடியாது.

சத்தப் பிரியர்களைப் பற்றிச் சுருக்கமாக. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. 90-க்கு ஏற்றினால் அது 4 மணி நேரமாகச் சுருங்கும். எல்.ஆர்.டி. ரயில் இரைச்சலில் அடைப்பு சரியில்லாத இயர்ஃபோனை மாட்டினால் கை தானாகவே சத்தத்தை ஏற்றும். அவர்களுக்குத் தேவை காதை நன்றாக மூடும் ரப்பர், பெரிய பாஸ் அல்ல. அதேபோல், வெளிச்சத்தம் உள்ளே வரும் திறந்த வகை ஹெட்ஃபோனை உயர்வாகச் சொல்பவர் குளிர்சாதன அறையில் அமைதியாகக் கேட்பவராக இருப்பார். நாள் முழுக்கச் சீலிங் ஃபேன் சுழலும் வீட்டில் அந்த வகை தோற்றுப்போகும்.

ஆகவே தங்கள் தொழில்நுட்பப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஹெட்ஃபோன் பரிந்துரை வெளியிடும்போது, எழுதியவர் எந்தப் பாட்டுகளைக் கேட்டார், எந்தக் கருவியில் செருகினார், எப்படிப்பட்ட இடத்தில் இருந்தார், மூக்குக்கண்ணாடி போடுபவரா, காதுமெத்தை தனியாகக் கிடைக்குமா என்ற ஐந்து விவரங்களையும் சேர்த்து அச்சிடுங்கள். நாலு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி ஆர்வலர் ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு.